எவ்வளவு எடுக்கலாம் என்று மாடலைக் கேட்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஓர் ஆற்றுப்படுகையின் நீர், காடு, மீன் ஆகியவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று திட்டமிடும் குழுவில் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். "மாடல் போட்டுவிட்டால் எவ்வளவு எடுக்கலாம் என்பது தெரிந்துவிடும்" என்கிறார்களாம் குழுவில் சிலர் (மாடல் என்பது ஆறு, ஏரி போன்றவற்றின் வரவு செலவைக் கணக்காக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது). "அதெல்லாம் கம்ப்யூட்டர் ஜோசியம்" என்கிறார்களாம் மற்றவர்கள். யார் சொல்வது சரி, சினாரியோ என்பது கணிப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது, எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு தரப்பும் நிற்பது ஒரே இடத்தில்தான். மாடல் என்பது வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் அதை நம்புகிறார், மற்றவர் நம்பவில்லை, அவ்வளவுதான். என் அனுபவத்தில் மாடலின் உருப்படியான வேலை வேறு. நாம் போடப்போகும் விதி, நமக்குத் தெரியாத விஷயங்கள் ஏடாகூடமாகப் போனாலும் தாங்குமா என்பதை, நிஜ ஆற்றில் சோதிக்கும் முன் பொய் ஆற்றில் சோதித்துப் பார்ப்பதுதான் அது. "எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும். அது அநேகமாகத் தப்பாக இருக்கும். "எந்த விதிப்படி எடுத்தால், நம் கணக்கு தப்பாக இருந்தாலும் பிழைத்துக்கொள்வோம்?" என்று கேட்டால்தான் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

இப்படிச் சொன்னால் தத்துவம் மாதிரி இருக்கும். கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம், கால்குலேட்டர் போதும்.

ஒரு பெரிய ஏரி. அதிகபட்சம் 1,000 டன் மீன்தான் அதில் வாழ முடியும். மீன் கொஞ்சமாக இருந்தால் முட்டையிடும் தாய்மீன்களும் கொஞ்சம், ஆகவே வருட வளர்ச்சி குறைவு. ஏரி முட்ட முட்ட மீன் இருந்தால் இரைக்கும் இடத்துக்கும் போட்டி, அப்போதும் வளர்ச்சி குறைவு. நடுவில்தான் உச்சம். இதை எழுதும் எளிய வழி: ஒரு வருட வளர்ச்சி = வளர்ச்சி வேகம் × இருப்பு × (1 − இருப்பு ÷ 1,000). வேகம் 0.4 என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 500 டன் இருக்கும்போது வளர்ச்சி 0.4 × 500 × 0.5, அதாவது 100 டன். வருடம் 100 டன் பிடித்தால் ஏரி அப்படியே 500-லேயே நிற்கும், காலத்துக்கும் பிடித்துக்கொண்டே இருக்கலாம். மீன்வளக்காரர்கள் இதை உச்ச நிலைத்த விளைச்சல் என்பார்கள். மில்னர் ஷேஃபர் 1954இல் இந்த வடிவத்தை மீன்பிடிக்குப் பொருத்திக் காட்டினார். 1982இன் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்திலேயே இந்த இலக்கு இடம்பெற்றிருக்கிறது.

இப்போது ஒரே ஒரு பிழையை உள்ளே விடுவோம். வளர்ச்சி வேகம் 0.4 என்று நினைத்தோம், உண்மையில் 0.3. இயற்கை வளக் கணக்கில் இந்தப் பிழை சாதாரணம், இதற்கெல்லாம் யாரும் வேலையை விடமாட்டார்கள். 500 டன்னில் தொடங்கி, மாடல் சொன்ன 100 டன்னை வருடந்தோறும் பிடிக்கிறோம். முதல் வருடம் வளர்ந்தது 75 டன், பிடித்தது 100, மிச்சம் 475. அடுத்த வருடம் 450. அப்புறம் 424, 397, 369, 339. ஏழாம் வருடம் 306, பத்தாம் வருடம் 182, பன்னிரண்டாம் வருடம் 60. பதின்மூன்றாம் வருடம் பிடிக்க 100 டன் இல்லை, கதை முடிந்தது.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் சில வருடங்களில் சரிவு ஐந்தாறு சதவீதம்தான். ஏரியில் மீனை எண்ணும் எந்தக் கணக்கெடுப்பிலும் இருபது முப்பது சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அதாவது சரிவு தொடங்கிப் பல வருடம் ஆன பிறகும் அது நம் கண்ணில் படாது. படும் நேரத்தில் 100 டன்னை நம்பிப் படகு வாங்கியவர், கடன் கொடுத்தவர், ஐஸ் ஆலை போட்டவர் எல்லோரும் வந்துவிட்டிருப்பார்கள். "இந்த வருடம் 60 டன்தான்" என்று அறிவிக்கும் அதிகாரியின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதே ஏரி, அதே பிழை, ஆனால் வேறு விதி: 100 டன் என்று வைக்காமல், அந்தந்த வருட இருப்பில் 20 சதவீதம் என்று வைக்கிறோம். வேகம் 0.4ஆக இருந்தால் ஏரி 500-ல் நிற்கும், பிடிப்பு 100 டன். வேகம் 0.3ஆக இருந்தால் இருப்பு மெல்ல இறங்கி 333-ல் வந்து நின்றுவிடும், பிடிப்பு 67 டன். மூன்றில் ஒரு பங்கு வருமானம் போனது, மீன் போகவில்லை. பிழையைத் திருத்தாமலேயே பிழைத்துக்கொண்டோம்.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் இருப்பை அளப்பதிலும் பிழை வருமே? நாம் தொடர்ந்து இருப்பை ஒன்றரை மடங்காக மதிப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் என்று நினைத்து எடுப்பது உண்மையில் 30 சதவீதம். வேகம் 0.3 என்றால், வளர்ச்சி ஒருபோதும் அதை ஈடுகட்டாது, ஏரி மெதுவாகக் காலியாகும். ஆகவே இன்னொரு விதி வேண்டும்: இருப்பு ஒரு வாசலுக்கு, அதாவது முன்பே குறித்துவைத்த அளவுக்கு, கீழே போனால் சதவீதத்தையும் குறை, அடுத்த வாசலுக்குக் கீழே போனால் நிறுத்து. இருப்பை இரண்டு தனித்தனி வழிகளில் அளந்து, குறைவான எண்ணை எடுத்துக்கொள். இப்படி விதியைத் தீட்டித் தீட்டி, ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான பொய் ஏரிகளில் ஓடவிட்டு, எது அதிக ஏரிகளில் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது மீன்வள உலகில் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. சர்வதேச திமிங்கில ஆணையம் 1990களில் இப்படித்தான் தன் பிடிப்பு விதியை உருவாக்கியது (வணிக வேட்டைத் தடை தொடர்வதால் ஆணையம் அந்த விதியை இன்னும் வணிகப் பிடிப்புக்குப் பயன்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்). தெற்கு நீலத்துடுப்புச் சூரைக்கு 2011 முதல் பிடிப்பளவு முடிவாவது இத்தகைய விதியால்தான்.

நான் மேலே சொன்ன ஒன்றரை மடங்குப் பிழை கற்பனை என்று நினைக்கவேண்டாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் காட் மீனுக்கு நடந்தது அதுதான், அதைவிட மோசமாகவே நடந்தது. 1968இல் வெளிநாட்டுக் கப்பல்கள் குவிந்து அள்ளியதில் மொத்தப் பிடிப்பு எட்டு லட்சம் டன் வரை போனது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை அறிவித்து அவற்றை வெளியே அனுப்பியது. இனி அறிவியல்படி பிடிப்போம் என்று எச்சரிக்கையான இலக்கும் வைத்தார்கள், வருடத்துக்கு இருப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. விதியில் குறையில்லை. ஆனால் 1980களில் உண்மையில் எடுக்கப்பட்டது பல வருடங்களில் அதைப்போல இரண்டு மடங்கு என்று பின்னால் தெரிந்தது.

காரணம் இருப்பை அளந்த விதம். இழுவலைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பதை மீன் வளத்தின் அடையாளமாக மாடலுக்குக் கொடுத்தார்கள். காட் கூட்டமாகச் சேரும் மீன். மொத்தம் குறையக் குறைய மிச்சமிருப்பவை ஓரிடத்தில் நெருங்கின. கப்பல்களும் கருவிகள் மேம்பட்டு, கூட்டம் இருக்கும் இடத்துக்கு நேராகப் போகப் பழகிவிட்டன. கடலில் மீன் தேய்ந்துகொண்டே போனாலும் வலையில் விழும் வேகம் குறையவில்லை. ஆய்வுக் கப்பல்கள் குறிப்பிட்ட இடங்களில் இழுத்துப் பார்த்த கணக்கு வேறு மாதிரி சொன்னது. கரையோரச் சிறு மீனவர்கள் மீன் குறைகிறது, சிறுத்தும் போகிறது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடலில் அவர்கள் பேச்சை நுழைக்க ஒரு கட்டம் இல்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பை மூடுவதாக அமைச்சர் ஜான் கிராஸ்பி அறிவித்தார், சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு வருடத்துக்கு என்று சொல்லப்பட்ட தடை 2024 வரை நீண்டது.

இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தீர்களா, மாடல் ஏமாற்றிவிட்டது" என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு அளவுகள் முரண்பட்டபோது, எது தவறாக இருந்தால் எவ்வளவு இழப்பு என்று யாரும் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்குக்குத்தான் மாடல் சரியான கருவி. அவர்கள் அதை எண் கேட்கப் பயன்படுத்தினார்கள்.

நிலத்தடி நீரில் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த ஆரம்பத்தில் ஒரு நீர்ப்படுகைக்கு மாடல் செய்தேன். பத்து வருட நீர்மட்ட அளவுகளோடு கோடு மேல் கோடு விழுந்த மாதிரி பொருந்தியது. பெருமையாக வரைபடத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, பதிவேட்டில் இருந்ததைப்போல் பாதி நீர் பதிவேட்டில் இல்லாத கிணறுகளில் இறைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. எண்களை எளிமையாக்கிச் சொன்னால்: வருடத்துக்கு 20 பங்கு நீர் குறைகிறது, இறைப்பு 60 என்பது பதிவு. ஆக மழையால் ஊறுவது 40 என்று மாடல் தானே முடிவுக்கு வந்தது. உண்மையில் இறைப்பு 90, ஊறுவது 70. இரண்டிலும் பற்றாக்குறை அதே 20, அதனால்தான் பழைய அளவுகளோடு அப்படிப் பொருந்தியது. ஆனால் ஊறும் நீர் பாதியாகக் குறையும் வறட்சியை ஓட்டிப் பாருங்கள். மாடல் சொல்லும் பற்றாக்குறை 40. நிஜத்தில் 55.

பழைய தரவோடு பொருந்துவது மாடல் சரி என்பதற்குச் சான்று ஆகாது. லெனர்ட் கோனிகோ, ஜான் பிரடஹோஃப்ட் என்ற இரண்டு நிலத்தடி நீர் வல்லுநர்கள் 1992இல், இத்தகைய மாடல்களைச் 'சரிபார்த்தாகிவிட்டது' என்று சொல்லும் பேச்சே தவறு என்று வாதிட்டார்கள். மாடலைப் பொய்ப்பிக்க முடியும், மெய்ப்பிக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. இன்றைக்கும் அறிக்கைகளில் "மாடல் சரிபார்க்கப்பட்டது" என்ற வரியைப் பார்த்தால் எனக்கு அந்தப் பழைய வரைபடம்தான் நினைவுக்கு வரும்.

சரி, சினாரியோவுக்கு வருகிறேன். கணிப்பு என்பது "இது நடக்கும்" என்று சொல்வது. சினாரியோ என்பது "இப்படி ஓர் உலகம் வந்தால்?" என்று கேட்பது. அது நடக்குமா என்பதல்ல அங்கே கேள்வி. நடக்கக்கூடியதா, உள்ளுக்குள் முரண்படாமல் இருக்கிறதா என்பது மட்டும்தான். மக்கள்தொகை குறைகிறது, ஆனால் வீட்டுத் தேவை இரட்டிப்பாகிறது என்று ஒரு சினாரியோ சொன்னால், எப்படி என்று விளக்கும் கதையும் கூடவே வேண்டும்.

குழுக்களில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம், நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் ஒரே பையில் போடுவது. "அணை கட்டினால்", "கட்டாவிட்டால்" என்பவை சினாரியோ ஆகாது, நம் தெரிவுகள். மழை, சந்தை விலை, அண்டை நாட்டின் முடிவு, மக்கள் இடம்பெயர்வது போன்றவைதான் நம் கைக்கு வெளியே இருப்பவை. ஒரு தாளில் தெரிவுகளை இடது பக்கம் வரிசையாக எழுதுங்கள், சினாரியோக்களை மேலே தலைப்புகளாக எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மாடலை ஓட்டி விளைவை நிரப்புங்கள். எந்த வரிசையில் படுமோசமான கட்டம் இல்லையோ அந்தத் தெரிவைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஒரே தலைப்பின் கீழ் மட்டும் அற்புதமாகவும் மற்றவற்றில் பாழாகவும் போகும் தெரிவுதான் கூட்டங்களில் எப்போதும் அழகான ஸ்லைடோடு வரும்.

இன்னொரு எச்சரிக்கை: 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்று மூன்று சினாரியோ வைக்காதீர்கள். வைத்தால் எல்லோரும் நடுத்தரத்தைப் பிடித்துக்கொள்வார்கள், சினாரியோ என்ற பெயரில் கணிப்பு திரும்பி வந்துவிடும். நான்காக வைத்தால் நடு என்று ஒன்று இருக்காது. 2005இல் வந்த ஐ.நா.வின் புத்தாயிரச் சூழல் மதிப்பீடு நான்கு வைத்தது. உலகம் ஒன்றோடொன்று நெருங்குமா விலகுமா என்பது ஓர் அச்சு. சிக்கல் வந்தபின் சமாளிப்பதா, முன்பே கவனிப்பதா என்பது இன்னோர் அச்சு. அந்த நான்கில் எதற்கும் "இதுதான் நடக்கும்" என்ற முத்திரை கிடையாது. இந்தக் கலையைத் திட்டமிடலுக்குக் கொண்டுவந்தவர்களில் 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் இருந்த பியர் வாக் குழு பேர்போனது. எண்ணெய் விலை எகிறும் ஓர் உலகத்தை 1973 நெருக்கடிக்கு முன்பே அவர்கள் மேலாளர்களுக்குக் கதையாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒரே ஓர் எதிர்காலத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 1922இல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து ஆற்றைப் பங்கு போட்டன. மேல்படுகைக்கு வருடம் 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்படுகைக்கும் 75 லட்சம் (ஓர் ஏக்கர்-அடி என்பது சுமார் 1,233 கனமீட்டர்). 1944இல் மெக்சிகோவுக்கு இன்னும் 15 லட்சம். மொத்தம் 165 லட்சம் என்று எழுத்தில் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் பார்த்த அளவீடுகள் இருபது முப்பது வருடத்துக்கானவை, அந்தக் காலம் வழக்கத்துக்கு மீறி ஈரமானது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யூஜின் லாரூ ஆற்றில் அவ்வளவு நீர் இல்லை என்று அந்த நாளிலேயே எச்சரித்தார். கேட்க ஆளில்லை, பங்கு போட வசதியாக இருந்தது பெரிய எண்தான். 1976இல் மரங்களின் ஆண்டு வளையங்களைப் படித்து நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் போன ஆய்வு, நீண்டகாலச் சராசரி 135 லட்சத்துக்கு அருகே என்றது. 2000க்குப் பிறகான சராசரி அதைவிடவும் குறைவு.

இங்கேயும் கவனிக்கவேண்டியது எண் தவறியது மட்டுமல்ல. நூறு வருடத்துக்கு முன் யாராலும் சரியாக அளந்திருக்க முடியாது. பங்கைச் சதவீதமாக எழுதாமல் நிலையான அளவாக எழுதியதுதான் ஆறாத புண். மேலே சொன்ன ஏரியில் 100 டன் விதியும் 20 சதவீத விதியும் எப்படிப் பிரிந்தன என்று நினைவிருக்கிறதா? அதே பிரிவுதான். பின்னாளில் அதை விதியால் ஒட்டுப்போடப் பார்த்தார்கள். 2007இன் வழிகாட்டுதல்படி, அந்த ஆற்றிலுள்ள மீட் நீர்த்தேக்கத்தின் மட்டம் 1,075 அடிக்குக் கீழே இறங்கும் என்று தெரிந்தால் கீழ்படுகை மாநிலங்களுக்கு நீர்க்குறைப்பு தானாக அமலாகும் என்று ஆனது. எந்த மட்டத்தில் எவ்வளவு குறைப்பது என்பதை ஆற்று மாடலில் பலவித வரத்துகளை ஓட்டிப் பார்த்துத்தான் பேசி முடித்தார்கள். 2021 ஆகஸ்டில் அந்த வாசல் முதல்முறையாக மிதிபட்டது. குறைப்பு போதவில்லை என்பது உண்மை, நடுவில் 2019இலேயே கூடுதல் ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஆனாலும் நெருக்கடி வந்த அன்று "யாருக்கு எவ்வளவு குறைப்பது" என்று தொடக்கத்திலிருந்து சண்டை போடவேண்டிய நிலை இருக்கவில்லை.

வாசல் வைத்துத் திட்டமிடுவதை இன்னும் தெளிவாகச் செய்தது லண்டன். தேம்ஸ் ஆற்றின் வெள்ளத் தடுப்பு 1982 முதல் இயங்குகிறது. கடல்மட்டம் நூற்றாண்டு முடிவில் எவ்வளவு ஏறும் என்பதில் பெரிய ஐயம், மோசமான எல்லையாக 2.7 மீட்டர் வரை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு இன்றே கட்டினால் பணம் வீணாகலாம், கட்டாவிட்டால் நகரம் மூழ்கலாம். 2012இல் ஏற்கப்பட்ட திட்டம் இரண்டையும் செய்யவில்லை. கடல்மட்டம் இந்தக் குறியைத் தொட்டால் கரையை உயர்த்து, அடுத்த குறியை நெருங்கினால் புதிய தடுப்புக்கு வேலை தொடங்கு, அதுவரை அதற்கான நிலத்தை வேறெதற்கும் கொடுக்காதே என்று பாதைகளாகப் போட்டது. பத்து வருடத்துக்கு ஒருமுறை எந்தப் பாதையில் நிற்கிறோம் என்று பார்க்கவேண்டும். என் பார்வையில் இதுவரை வந்த சினாரியோத் திட்டங்களில் பிறர் பின்பற்றத் தகுந்தது இதுதான். கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்பதை வைத்துக் குறியை முன்கூட்டியே வைத்தார்கள். பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடும் விஷயம் அது.

'ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று சொல்வார்கள், கணினியே சிறந்த திட்டத்தைத் தேடித் தரும் என்பது அதன் வாக்குறுதி. எதைக் கூட்டவேண்டும், எதை மீறக்கூடாது என்று சொல்லிவிட்டால் கோடிக்கணக்கான சேர்க்கைகளில் தேடி ஒன்றை நீட்டும். 1980களில் அமெரிக்க வனத்துறை தன் தேசியக் காடுகளுக்கு ஃபோர்பிளான் என்ற இத்தகைய மாடலைப் பயன்படுத்தியது. எந்தப் பத்தாண்டில் எந்தப் பகுதியில் எவ்வளவு மரம் வெட்டுவது என்று அது சொன்னது. மாடல் மிகப் பெரிதாகிப்போனது, உள்ளே என்ன நடக்கிறது என்பது அதை இயக்கிய சிலருக்குத்தான் புரிந்தது. காட்டைச் சுற்றி இருந்தவர்களுக்கு அது மூடிய பெட்டி. சண்டை குறையவில்லை.

அதற்கு எதிர்முனை ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு. 2004இல் மண்டலங்களை மாற்றி அமைத்தபோது, மீன்பிடி தடைசெய்யப்பட்ட பரப்பு ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது சுமார் 33 சதவீதமாக உயர்ந்தது. 70 உயிரியல் வட்டாரங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் காக்கப்படவேண்டும், மீனவர்களுக்கு இழப்பு முடிந்தவரை குறையவேண்டும் என்ற நிபந்தனைகளோடு மார்க்சன் என்ற நிரலின் உதவியுடன் தேடினார்கள். (காரல் மார்க்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் வந்தது.) இந்த நிரலின் நல்ல குணம், ஒரே விடையை நீட்டாமல் ஏறக்குறைய சமமான பல விடைகளைத் தரும். எந்த இடம் எல்லா விடைகளிலும் வருகிறதோ அதை விடக்கூடாது என்று தெரிகிறது, மற்ற இடங்களில் பேரம் பேசலாம். பொதுமக்களிடமிருந்து 31,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. அவற்றைப் படித்து இறுதிக் கோட்டை வரைந்தவர்கள் மனிதர்கள்தான்.

மென்பொருள் பற்றிக் கேட்டதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆற்று நீரைப் பலருக்கு முன்னுரிமைப்படி பிரித்துப் பார்க்க ஸ்டாக்ஹோம் சூழல் நிறுவனத்தின் வீப் எளிது. நிலத்தடி நீருக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் மாட்ஃப்ளோ, 1984 முதல் இருக்கிறது, இலவசம். நிலப்பயன்பாடு மாறினால் ஆற்றில் வரும் நீரும் வண்டலும் எப்படி மாறும் என்பதற்கு ஸ்வாட். காடு, சதுப்புநிலம் போன்றவை தரும் பயன்களை வரைபடத்தில் ஒப்பிட இன்வெஸ்ட். ஆனால் இவற்றில் எதையும் முதல் மாதத்தில் தொடாதீர்கள். எக்செலில் மாதத்துக்கு ஒரு வரி வைத்து, உள்ளே வருவது, வெளியே போவது, மிச்சம் என்று மூன்று பத்தியில் தொடங்குங்கள். படுகையின் வரவு செலவு அதில் சரியாக வராவிட்டால் பெரிய மென்பொருளிலும் வராது. அங்கே வராததை அழகான வண்ணங்கள் மறைத்துவிடும், அவ்வளவுதான்.

எக்செல் ஓடத் தொடங்கியதும் ஒவ்வோர் எண்ணையும் இருபது சதவீதம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முடிவு அசையாத எண்களை மறந்துவிடலாம். எந்த எண் கொஞ்சம் அசைந்தாலும் முடிவே தலைகீழாகிறதோ, அதை அளக்கத்தான் குழுவின் பணம் போகவேண்டும். என் நிலத்தடி மாடலில் அப்படி ஒரு சோதனை செய்திருந்தால், இறைப்புக் கணக்குதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஆட்களை அனுப்பிக் கிணறுகளை எண்ணியிருப்பேன். நானோ மண்ணின் ஊடுருவல் திறனை நுணுக்கமாகச் சீர்செய்துகொண்டிருந்தேன், ஏனென்றால் அதற்கான தரவு கையில் இருந்தது. தரவு இருக்கும் பக்கமாக மாடல் வளர்வது எல்லோருக்கும் நேர்வதுதான்.

வெளியாள் ஒருவர் மாடலோடு உங்கள் குழுவுக்கு வந்தால் அவரிடம் கேட்கவேண்டியது, "பொருத்தம் எத்தனை சதவீதம்?" என்பதல்ல. மாடலைப் பொருத்தும்போது காட்டாமல் ஒதுக்கி வைத்த வருடங்களில் அது எப்படிச் செய்தது, அதில் வறட்சி வருடம் ஒன்றாவது இருந்ததா என்று கேளுங்கள். மனிதர்கள் அதில் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சொட்டுநீர்ப் பாசனம் வந்தால் தேவை குறையும் என்று பல மாடல்கள் போடும். மிச்சப்பட்ட நீரில் கூடுதல் நிலம் பயிரானால் படுகைக்கு ஒன்றும் மிச்சமில்லை. முன்பு வயலிலிருந்து கசிந்து கீழே இறங்கிய நீரும் நின்றுபோகும். தாவரத்தின் இலைத்துளைவரை கணக்கிடும் மாடல்கள் விவசாயி அடுத்த பருவத்தில் என்ன செய்வார் என்பதை ஒரு நிலையான எண்ணாக வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் எக்செலைத் திறக்கும் முன்பே ஒரு கூட்டம் போடுங்கள். நுட்பம் தெரிந்தவர்களோடு கிணறு வைத்திருப்பவர், வலை வீசுபவர், காட்டில் சுள்ளி பொறுக்குபவர் எல்லோரும் உட்காரட்டும். எதிலிருந்து எது போகிறது, எது குறைந்தால் எது கூடும் என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். ஸ்லைடில் வரைந்து கொண்டுபோகாதீர்கள், பலகையில் சாக்பீஸால் வரையுங்கள். எழுந்து வந்து ஓர் அம்பை அழித்துவிட்டு வேறு பக்கம் போடுகிறவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார், அவருடைய பெயரையும் கைபேசி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.